கேக்னஸாட்

கரண்ட் மூணு மணிக்குத்தான் வரும், அண்ணாச்சி. மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு நிறுத்துவாங்க, இன்னைக்கு அந்த நாளு. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இத இழுத்துப் போட்டுக்கிடுங்க.

என்ன கேட்டீங்க? மகளுக்கு எம்.ஏ. இங்கிலீஷ் பிராஜெக்ட் ஒண்ணு வேணும், பழசா இருந்தாலும் பரவாயில்ல, பேர மட்டும் மாத்திக் குடுத்தாப் போதும். அப்படித்தான? கூச்சப்படாதீங்க. யுனிவர்சிட்டி கேட்டுக்கு எதுத்தாப்புல டைப்பிங் கடையில உக்காந்துக்கிட்டு, இதக் கேட்டு நான் வாயப் பொத்திக்கிட்டா நல்லாவா இருக்கும்? போன வருசம் வரைக்கும் கெடைச்சுது. கம்ப்யூட்டர்ல 'பழசு'ன்னே ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. இப்ப இல்ல. ஏன் இல்லன்னு சொல்லுதேன். கரண்ட் வார வரைக்கும் உங்களுக்கும் வேல இல்ல, எனக்கும் வேல இல்ல.

என் பேரு முப்பிடாதி. எங்க குலசாமி பேரு. யுனிவர்சிட்டிப் பிள்ளைங்க முப்பின்னு கூப்பிடும். பதினெட்டு முடிஞ்சுட்டு. பிளஸ் ஒன் பாதியில நின்னுட்டேன். நிறுத்தல, நின்னேன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கம்மாவுக்கே இன்னும் புரியல.

இங்கிலீஷ் பீரியடு. எந்திரிச்சு வாசின்னாரு சாரு. வாசிச்சேன். ஒரு வார்த்த வந்துச்சு. சி ஓ எல் ஓ என் இ எல். நான் 'கொலொனல்'னு வாசிச்சேன். வேற எப்படி வாசிப்பாங்க, சொல்லுங்க? கிளாஸே சிரிச்சுது. சாரும் சிரிச்சாரு. அது 'கர்னல்'ன்னாரு. பட்டாளத்துல பெரிய ஆளாம். செரி, தெரியல, இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா ஒரு கேள்வி கேட்டேன். "எங்க சார் அதுல ஆர் இருக்கு?" கேக்கக் கூடாதா? அவருக்கும் தெரியல. தெரியலன்னு சொல்லிருந்தா சோலி முடிஞ்சிருக்கும். "வெளிய போ"ன்னாரு. போனேன். வராண்டாவுல நிக்கணும்னு அவரு நெனச்சாரு. நான் வீடு வரைக்கும்னு எடுத்துக்கிட்டேன்.

அவ்வளவுதான். வருத்தம் ஒண்ணும் கெடையாது. எல்லாரும் கேப்பாங்க, நீங்களும் கேக்காதீங்க.

இங்க வந்து ரெண்டு வருசம் ஆச்சு. எம்.ஏ. இங்கிலீஷ் பிராஜெக்ட் மட்டும் நூறுக்கு மேல அடிச்சிருப்பேன். ஒண்ணக்கூட படிச்சதில்ல. அடிக்கது வேற, படிக்கது வேற. எந்த நாவல்ல யாரு சாவா, யாரு ஓடிப் போவா, எந்தப் புருசன்காரன் கடைசில அழுவான், எல்லாம் தெரியும். எந்தப் பிள்ள எந்த வார்த்தைக்கு எழுத்த மாத்தி எழுதும்னு தெரியும். ஆனா படிச்சதில்ல. எனக்கென்ன, நான் டைப் அடிக்கிறவ.

உங்க மகளுக்கு என்ன நடக்கும்னு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ரெண்டாம் வருசம் ஒரு நாவலக் குடுப்பாங்க. ஒரு கைடு இருப்பாரு. அறுபது பக்கம் எழுதணும். மொதப் பக்கத்துல 'இது இந்தப் பிள்ளையோட சொந்த வேலை'ன்னு ஒரு சர்ட்டிபிகேட், அதுல கைடு கையெழுத்து. கடைசில வெளியூர் யுனிவர்சிட்டியிலருந்து ஒருத்தர் வந்து கேள்வி கேப்பாங்க. அதுதான் வைவா. இதுவும் ஒரு பேப்பர் மாதிரி. போச்சுன்னா அரியர்.

அந்தச் 'சொந்த வேலை' சர்ட்டிபிகேட்ட மட்டும் நான் கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன். அதுல போனஃபைடுன்னு ஒரு வார்த்த வரும். ரொம்ப நாளா அது ஒரு ஆளு பேருன்னு நெனச்சிருந்தேன். எல்லாப் பிராஜெக்ட்லயும் வாராரே, யாரு அந்த போனஃபைடுன்னு. நேர்மையானதுன்னு அர்த்தமாம். அப்படி ஒரு ஆளு இல்லவே இல்லன்னு பொறவுதான் தெரிஞ்சுது.

'பழசு' ஃபோல்டர்ல ஒரு மூணு பக்கம் உண்டு. பெண்ணும் சமுதாயமும்னு. யாரு எழுதுனதோ, நான் வாரதுக்கு முன்னாலயே கெடந்துச்சு. வழுவழுன்னு இருக்கும். எந்த நாவலா இருந்தாலும் மொத அத்தியாயத்துல அத ஒட்டிரலாம். அதுல வார நாயகி பேரு ஆன். ஏ என் என். அத எடுத்துட்டு நம்ம நாவல் நாயகி பேரப் போடணும். 'தேடி மாத்து'ன்னு கம்ப்யூட்டர்ல ஒரு வசதி உண்டு, ஒரு தட்டு தட்டுனா எல்லா எடத்துலயும் மாறிரும். இது எல்லாக் கைடுக்கும் தெரியும். 'மாடல் பாத்து எழுது'ம்பாங்க. மாடல்னா எங்க கட.

இப்படி இருக்கையில சந்தனமாரி அக்கா வந்தா.

கழுகுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. வயசு முப்பத்திநாலு. ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக்காரரு லாரி ஓட்டுதாரு. அக்கா தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாத்துக்கிட்டே தபால்ல பி.ஏ. முடிச்சுட்டு, இங்க ரெகுலர்ல எம்.ஏ. சேந்திருக்கா. கிளாஸ்ல மத்த பிள்ளைங்க எல்லாம் இருவத்தொண்ணு. அக்கா மொத நாளு கிளாஸுக்குள்ள நுழையுதப்ப டீச்சர்னு நெனச்சு எந்திரிச்சு நின்னுருக்கு அதுக. "உக்காருங்கம்மா, நானும் உங்க சாதிதான்"னு கடைசி பெஞ்சுல போயி உக்காந்தாளாம்.

கடைக்கு வந்தவ ஒரு நோட்டப் போட்டா. கையெழுத்துல அறுபது பக்கம். பென்சில்ல எழுதி, அழிச்சு, பேனால எழுதி.

"மாடல் வேணுமாக்கா?"ன்னேன்.

"மாடலா? நான் என்ன சேலையா எடுக்க வந்திருக்கேன்? எழுதியாச்சு. அடிச்சுக் குடு."

"எல்லாம் நீங்களே எழுதுனதா?"

"பெறவு? பக்கத்து வீட்டுக்காரியா எழுதுவா?"

நோட்டத் தெறந்து, எழுத்து புரியணும்னு அவளே மொத பக்கத்த வாசிச்சுக் காட்டுனா. வாசிக்கையில 'கொலொனல்'ன்னா. எனக்கு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல, "கர்னல்க்கா"ன்னுட்டேன். அக்கா நோட்ட ஒரு தடவ பாத்தா, என்னய ஒரு தடவ பாத்தா.

"இதுல எங்கட்டி ஆர் இருக்கு?"ன்னா.

அன்னைலருந்து அக்காவுக்கு ஃபேனுக்குக் கீழ உள்ள ஸ்டூலு. வேற காரணம் ஒண்ணும் இல்ல. வெயில்ல வாரா, பாவம்.

அந்த நாவலு ஒரு சீமைக்காரி எழுதுனது. அக்கா அடிக்கடி சொல்லுவா, நான் அடிச்சுக்கிட்டே கேப்பேன். கடற்கர ஓரம் ஒரு சின்ன ஊரு. ஆக்னஸ்னு ஒருத்தி, அங்க போஸ்ட் ஆபீஸ் அவ பொறுப்பு. ஊரு லெட்டர எல்லாம் ஆவியில காட்டிப் பிரிச்சுப் படிச்சுட்டு, மறுபடி ஒட்டி அனுப்பிருவா. அதே ஊர்ல எழுத்து சரியா வராத ஒரு பிள்ள, தன்னக் கட்டிக்கிடப் போற பட்டாளத்து கர்னலுக்கு லெட்டர் எழுதுது. தப்பும் தவறுமா. ஆக்னஸ் அதப் பிரிச்சுப் பாத்துட்டு, ஐயோ பாவம்னு, அழகா திருத்தி எழுதி அனுப்பிருதா. அத வாங்குன கர்னல், 'இது அவ எழுத்து இல்ல, யாரையோ வச்சு எழுதிருக்கா'ன்னு திரும்பி வராமலே போயிருதான்.

கூறு கெட்டவ. உன்னைய யாரு அதுல கை வைக்கச் சொன்னா? அடுத்தவ லெட்டரு அது. தப்போ சரியோ அவ எழுதுனத அனுப்ப வேண்டியதுதான உன் வேல? எனக்கு இப்பவும் அந்த ஆக்னஸ நெனச்சா ஆத்திரம் வரும், பாத்துக்கிடுங்க.

அக்கா இங்கிலீஷ் எப்படின்னா, தீப்பெட்டி அடுக்குன மாதிரி இருக்கும். ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சிருப்பா. "ஆக்னஸ் இஸ் ஓப்பனிங் ஆல் லெட்டர், பிகாஸ் ஹெர் ஓன் லெட்டர் இஸ் நாட் கமிங்." இதுல ரெண்டு மூணு தப்பு இருக்குன்னு எனக்கே தெரியும். ஆனா புரியுது பாத்தீங்களா? தனக்கு ஒரு லெட்டரும் வரல, அதனால ஊரு லெட்டர எல்லாம் பிரிக்கா. நூறு பிராஜெக்ட் அடிச்சிருக்கேன், அடிக்கையில கை நின்னது அந்த ஒரு வரிக்குத்தான். விரலு வலிச்சிருக்கும்.

அடிச்சுக் குடுத்தேன். கொண்டு போயி கைடு சார்ட்ட குடுத்தா. மறுநாளே திரும்பி வந்துட்டு. பக்கத்துக்குப் பக்கம் செவப்பு மையில ஒரே வார்த்த. 'லாங்குவேஜ்!' ஆச்சரியக்குறியோட. வேற ஒண்ணும் இல்ல. எது தப்பு, எப்படி எழுதணும், ஒண்ணும் இல்ல. மறுபடி எழுதிட்டுப் போனா. மறுபடி 'லாங்குவேஜ்!' மூணாந் தடவ கூப்பிட்டே சொல்லிட்டாராம்.

"இது இங்கிலீஷே இல்லம்மா. வெளியாளு பாத்தா எனக்கு அசிங்கம். கேட்டுக்கு எதுத்தாப்புல கட இருக்கு, போயி ஒரு நல்ல மாடல் பாருங்க. இல்லன்னா கையெழுத்து கெடையாது."

கடையில வந்து உக்காந்தா. ஃபேனப் பாத்துக்கிட்டே இருந்தா.

"என்னக்கா, விடு, ஒரு மாடல எடுத்துக்குவோம்"னேன்.

"எங்க மாமியா ரெண்டு வருசம் குடுத்திருக்காட்டி. ரெண்டே வருசம். ஒரு பேப்பரு போனாலும் மறுநாளே தீப்பெட்டி ஆபீஸ். வீட்டுக்காரரும் செரின்னுட்டாரு. இத முடிச்சா பி.எட். போவேன். முடிக்கலன்னா குச்சி அடுக்கப் போவேன்."

"அதுக்குத்தான் சொல்லுதேன், மாடல..."

"முப்பி, அறுபது பக்கம் ஒருத்தி லெட்டர்ல கை வச்சது தப்புன்னு எழுதிட்டு, நான் அடுத்தவ எழுதுனத எடுத்து என் பேரப் போடவா? அசிங்கமா இல்ல?"

கழுத! படிச்சா இப்படித்தான் ஆயிருவாங்க. நாளைக்குக் கையெழுத்து வாங்கணும், இவ நியாயம் பேசிக்கிட்டு இருக்கா. "நாளைக்குக் காலைல பிரிண்ட் எடுத்து வையி, அப்படியே குடுத்துப் பாக்கேன்"னுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா.

நான் யோசிச்சேன். அந்த சாரு மொத பன்னெண்டு பக்கத்துக்கு மேல பெரட்டுனதே இல்ல. செவப்பு மையே பன்னெண்டு பக்கத்தோட நின்னுரும், மிச்சத்துல சும்மா ஒரு டிக்கு. அந்த மொத பன்னெண்டு பக்கத்துல கொஞ்சம் வழுவழுன்னு இருந்துட்டா? மூணே மூணு பக்கம். அக்காவுக்குத் தெரியவே வேண்டாம். அவ எழுதுன அறுபது பக்கமும் அப்படியே இருக்கும். இதுல என்ன தப்பு? நான் ஒண்ணும் அவ எழுதுனத அழிக்கல. பழச எடுத்தேன், ஒட்டுனேன், 'ஆன்'ன எடுத்துட்டு ஆக்னஸப் போட்டேன். அது மறுநாளு காலைல, கரண்ட் நிறுத்துத நாளு, அஞ்சு நிமிசந்தான் இருந்துச்சு. அவசர அவசரமா ஒரு தட்டு தட்டி, பிரிண்ட் குடுத்து, எடுத்து வச்சுட்டேன்.

அக்கா வந்து எடுத்தவ தெறந்துகூடப் பாக்கல. நேரா கொண்டு போயிக் குடுத்தா. சாரு பெரட்டுனாராம். தலைய ஆட்டுனாராம். "பாத்தீங்களா, இப்பத்தான் இங்கிலீஷ் மாதிரி இருக்கு. மாடல் பாத்தீங்களா?" "இல்ல சார், பழசுதான் சார்." "நல்லா முன்னேறிட்டீங்க." கையெழுத்து! அக்கா எனக்கு ரெண்டு பால்கோவா பாக்கெட்டு வாங்கிட்டு வந்து குடுத்தா. "நான் மாத்தவே இல்லட்டி, அதே பிரிண்ட்தான். அந்தாளு அன்னைக்கு வீட்ல சண்ட போட்டுட்டு வந்திருப்பாரு போல"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். பால்கோவா நல்லா இருந்துச்சு.

வைவா அன்னைக்கு அக்கா போன் பண்ணுனா. வெளியூரு மேடம் இன்னொரு காப்பி கேக்காங்க, பைண்ட் பண்ணுனது இருக்கான்னு. இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போனேன். கேட்டுக்கு உள்ள நான் அதிகம் போனதில்ல. வாட்ச்மேன் "எங்க போற?"ன்னாரு. "எம்.ஏ. இங்கிலீஷ்"னேன். விட்டுட்டாரு.

ரூம்ல ஒரு மேச. மேச மேல அன்னைக்கு வைவா உள்ள ஆறு பேரு பிராஜெக்ட். ஒரு தட்டுல முந்திரி பிஸ்கட், யாரும் தொடல. கைடு சாரு ஒரு பக்கம். நடுவுல அந்த மேடம். குட்டையா, தல முழுக்க நரச்சு, கண்ணாடிய மூக்கு நுனில போட்டு. எதுக்க நாற்காலில அக்கா, கல்யாணத்துக்குக் கட்டுத பட்டுச் சேல. மத்த அஞ்சு பிள்ளைங்களும் பின்னால உக்காந்திருக்கு. நான் காப்பியக் குடுத்துட்டு வாசலோட நின்னேன். போயிருக்கலாம். ரூம் ஏசி, அதான் நின்னேன்.

மேடம் ஒம்பதாம் பக்கத்துல வெரல வச்சாங்க.

"சந்தனமாரி, இத வாசிங்க."

அக்கா வாசிச்சா. "எ உமன்..." நின்னுட்டா. மறுபடி, "எ உமன்... கேக்னஸாட் பி ஃப்ரீ..."

"கேக்னஸாட்னா என்ன?"

அக்கா பக்கத்த முன்னயும் பின்னயும் பெரட்டுனா. "தெரியல மேடம்."

"உங்க பிராஜெக்ட்ல நாலு எடத்துல இருக்கு."

"இத... இந்தப் பக்கத்த நான் எழுதல மேடம்."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. கேனாட்! சி ஏ என் என் ஓ டி. நடுவுல ஏ என் என் இருக்கு பாத்தீங்களா? 'ஆன்'ன எடுத்து ஆக்னஸப் போடுன்னா, கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், கேனாட் வயித்துக்குள்ள இருந்த 'ஆன்'னையும் எடுத்துட்டு ஆக்னஸப் போட்டுட்டு. 'முழு வார்த்தைய மட்டும் மாத்து'ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடணும். எப்பவும் போடுவேன். அன்னைக்கு அவசரத்துல போடல. தப்பு வார்த்தைக்குக் கீழ செவப்புக் கோடு வருமேன்னு கேப்பீங்க. நாங்க அத நிறுத்தி வச்சிருக்கோம், அதுக்கு நம்ம ஊருப் பேரு எல்லாமே தப்புதான். என் பேருக்கு நெளிநெளியாப் போடும்.

கைடு சாரு குறுக்க வந்தாரு. "டைப்பிங் மிஸ்டேக் மேடம்."

"ஓ. அப்ப சரியான வார்த்த என்ன சார்?"

சாரு குனிஞ்சு பாத்தாரு. கண்ணாடியத் தொடச்சாரு. மறுபடி பாத்தாரு. அவரு கையெழுத்துப் போட்ட பிராஜெக்ட்டு, 'முன்னேறிட்டீங்க'ன்னு சொன்ன பக்கம். "அது... காக்னிஸன்ட் மேடம்"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அடக்க முடியல. "எங்க சார் அதுல எஸ் இருக்கு?"ன்னுட்டேன்.

எல்லாரும் திரும்பிட்டாங்க. செரி, வாயத் தெறந்தாச்சு. "காக்னிஸன்ட்டுக்கு இசட்டு சார், இங்க எஸ்ஸுல்லா இருக்கு. நான் எத்தனையோ தடவ அடிச்சிருக்கேன். இது கேனாட்"ன்னு விளக்கமாச் சொன்னேன். ஆன், ஆக்னஸ், டிக்கு, எல்லாம்.

"நீ யாரு?"ன்னாங்க மேடம்.

"டைப்பிங்."

சாரு மொகம் மாறிட்டு. "நான் பல தடவ எச்சரிச்சேன் மேடம். இந்தம்மாவுக்கு மொழியே வராது. கடையில காப்பி அடிச்சிருக்காங்க. நீங்க ஃபெயில் பண்ணுங்க, எனக்கு ஆட்சேபண இல்ல"ன்னாரு.

ஆட்சேபண இல்லயாம்! அக்கா திரும்பி என்னயப் பாத்தா. திட்டுத பார்வ இல்ல அது. அதுக்குத் திட்டிருந்தாத் தேவல.

நான் மேசைக்குப் போயிட்டேன். "சார், மாடல் பாக்கச் சொன்னது நீங்க. எங்க கடைய கை காட்டுனது நீங்க. அக்கா மாட்டேன்னு போயிட்டா. ஒட்டுனது நான், அவளுக்குத் தெரியாது. மேடம், இந்த மூணு பக்கம் இந்தா இருக்க மத்த அஞ்சு புஸ்தகத்துலயும் இருக்கு. எல்லாம் ஒம்பதாம் பக்கத்துலருந்துதான். நாயகி பேரு மட்டும் வேற வேற. அதுக்கெல்லாம் டிக் போட்டுட்டேன், அதான் கேனாட் கேனாட்டா இருக்கு. எல்லாத்துலயும் சாரு கையெழுத்து இருக்கும் பாருங்க."

மேடம் ஒவ்வொண்ணா எடுத்தாங்க. ஒம்பதாம் பக்கம். ஒம்பதாம் பக்கம். ஒம்பதாம் பக்கம். பின்னால உக்காந்திருந்த ஒரு பிள்ள அழ ஆரம்பிச்சுட்டு. சாரு தண்ணி குடிச்சாரு.

மேடம் கண்ணாடியக் கழட்டுனாங்க. என்னயப் பாத்து, "நீ இந்த நாவலப் படிச்சிருக்கியா?"ன்னாங்க.

"அடிச்சிருக்கேன்."

"ஆக்னஸ் செஞ்ச தப்பு என்ன?"

இது ஒரு கேள்வியா? "அடுத்தவ லெட்டர்ல கை வச்சது மேடம். அவ எழுதுனத அவ எழுதுனபடி விட்டிருக்கணும்"னேன். பட்டுனு. மேடம் வாயப் பொத்திக்கிட்டாங்க. இருமல் போல. அக்கா குனிஞ்சுக்கிட்டா, தோளு குலுங்குது. அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல.

பெறவு மேடம் அக்காட்ட அதே கேள்விய இங்கிலீஷ்ல கேட்டாங்க. அக்கா எந்திரிச்சு நின்னா. அதே தீப்பெட்டி அடுக்குத இங்கிலீஷ்தான். சாரு மொகத்தச் சுழிக்காரு, இவ நிறுத்தல. ஆக்னஸ் கெட்டவ இல்ல, அவளுக்கு எல்லார் மேலயும் பிரியந்தான், ஆனா தன்னவிட நல்லா யாராலயும் எழுத முடியாதுன்னு ஒரு நெனப்பு, அதுதான் அவ தப்புன்னா. அத சொல்லுதப்ப ஏன் என்னயப் பாத்துச் சொன்னான்னு தெரியல. பதினைஞ்சு நிமிசம் பேசுனா. நான் கைக்கடிகாரத்தப் பாத்தேன். வேற எதுக்கு, கடையத் தெறந்து போட்டுட்டு வந்திருக்கேன்.

மேடம் அந்த மூணு பக்கத்தையும் குறுக்கால அடிச்சாங்க. "ஏழு நாள். இத நீங்களே எழுதணும். உங்க இங்கிலீஷ்ல. மிச்சத்த நான் நேத்தே படிச்சுட்டேன், அது போதும்"ன்னாங்க. மத்த அஞ்சு பேருக்கும் அதே ஏழு நாள். இந்தத் தடவ படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கன்னு சார்ட்ட சொன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க.

வெளிய போகையில என்னயக் கூப்பிட்டாங்க. "உனக்கு நல்ல கண்ணு இருக்கு. நீ படிக்கலாமே?"

"எதுக்கு மேடம்? அந்த சாரு மாதிரி வாரதுக்கா?"ன்னேன்.

அவங்க கோவப்படல. "என்னய மாதிரிகூட வரலாம்"ன்னுட்டுப் போயிட்டாங்க. பதிலு சொல்லியே ஆகணும்னு அவங்களுக்கு. போகட்டும்.

அக்கா ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. கடைக்கு வருவா, ஸ்டூல்ல உக்காருவா, எழுதுவா, பேச மாட்டா. மூணாம் நாளு நோட்ட நீட்டி, "அப்படியே அடி. ஒரு புள்ளிகூட மாத்தாத, ஆக்னஸு"ன்னா. அன்னைலருந்து எனக்கு அதான் பேரு. ஏங்க்கா அப்படிக் கூப்பிடுதன்னு கேட்டா சிரிக்கா. அந்தக் கூறு கெட்டவ பேரு எனக்கு எதுக்கு?

அப்படியேதான் அடிச்சேன். தப்புன்னு தெரியுது, வெரலு அரிக்குது, ஆனா அடிக்கேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சரியா அடிக்கதவிட தப்ப தப்பாவே அடிக்கது ரொம்பக் கஷ்டம். அக்கா பாஸ். பிராஜெக்ட்ல அறுபத்திரெண்டு. இப்ப பி.எட். படிக்கா. மாமியா ஊரு பூரா 'எம் மருமக எம்.ஏ. இங்கிலீஷு'ன்னு சொல்லிக்கிட்டு அலையுதாளாம்.

வைவா அன்னைக்குச் சாயங்காலமே 'பழசு' ஃபோல்டர அழிச்சுட்டேன். குப்பத்தொட்டிலருந்தும் அழிச்சுட்டேன். மொதலாளி ரெண்டு வாரம் தேடுனாரு. "வைரஸாட்டி?"ன்னாரு. நான் "உம்"முன்னேன். உம்முன்னா பொய்யா? நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க வேணா போயி அவர்ட்ட சொல்லிக்கிடுங்க, எனக்கென்ன. யுனிவர்சிட்டி சாருங்க கையெழுத்தப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு இந்த ஏரியாவுல நான்தான், அவரு என்னய அனுப்ப மாட்டாரு.

இந்தா, கரண்ட் வந்துட்டு. ஃபேனுக்குக் கீழ தள்ளி உக்காருங்க.

அப்ப மகளுக்கு என்ன செய்யன்னா கேக்கீங்க? மகளக் கூட்டிட்டு வாங்க. நீங்க வராதீங்க, அவ வரட்டும். எழுதுனத எடுத்துக்கிட்டு வரட்டும். தப்பா இருக்கா, இருக்கட்டும். பென்சில்ல இருக்கா, இருக்கட்டும். கர்னலுக்கு எங்க ஆர் இருக்குன்னு கேக்கணும்னா கேக்கட்டும், எனக்கும் தெரியாது, ரெண்டு பேரும் சேந்து தேடுவோம். அவ எழுதுனபடி அப்படியே அடிச்சுத் தாரேன். ஒரு எழுத்துகூட கை வைக்க மாட்டேன், சத்தியமா.

அக்காவுதுலயும் வைக்கலயே. அந்த வரில மட்டும், 'ஆல் லெட்டர்'னு நின்னுச்சு பாத்தீங்களா, கடைசில ஒரே ஒரு 'எஸ்'. அது ரொம்ப நல்ல வரி, அண்ணாச்சி. அது நொண்டக் கூடாது. அக்காவுக்கு இன்னும் தெரியாது.